கசில்டா வீட்டு மண்ணில் வெந்தது

உப்பங்காற்று கதவுக் கீல்களைத் தின்று, சைக்கிள் கம்பிகளைத் தின்று, மாதா சொரூபம் இருக்கிற கெபியின் இரும்புக் கேட்டைத் தின்று, இனித் தின்ன ஒன்றுமில்லை என்று மனிதர்களின் முட்டிகளுக்கு வந்து சேர்ந்த ஒரு வருஷத்தில், தூத்துக்குடி சூளைத் தெருவில் கசில்டா கொரைராவின் வீட்டில் ஓவனும் தோட்டமும் தங்கள் வேலையை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. ஓவனில் வைத்தது முளைத்தது. மண்ணில் போட்டது வெந்தது. சொல்வது நான் என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும். கழித்த பிறகு மிஞ்சுவதே ஒரு தெருவுக்குப் போதும்.

கசில்டா எனக்கு மைனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ரேமண்ட் அண்ணனின் மனைவி. என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான், அந்த வேலியில் என் கண் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது, அது தானாக விழுந்த ஓட்டை. அதன் வழியாக வருஷக்கணக்கில் நான் பார்த்ததெல்லாம் ஒரு பொம்பளை குனிவதும் நிமிர்வதும்தான். காலையில் தோட்டத்தில் குனிவாள், மத்தியானம் ஓவன் முன்னால் குனிவாள், சாயங்காலம் மறுபடியும் தோட்டத்தில் குனிவாள், நிமிரும்போதெல்லாம் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு நிமிஷம் வெறுமனே நிற்பாள்.

உப்பளத்துக்கு அடுத்த தெரு எங்கள் தெரு. ஒரு சாண் தோண்டினால் உவர் வரும். அந்த மண்ணில் மூட்டை மூட்டையாகச் செம்மண் கொட்டி, ஆட்டுப்புழுக்கை போட்டு, கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும் மீன் கழுவின தண்ணீரும் ஊற்றி, கொத்தமல்லி விதையைச் செருப்பால் தேய்த்து உடைத்து விதைத்து அவள் தோட்டம் போட்டாள். கத்தரி பூக்கும், பூத்ததெல்லாம் கொட்டும். மிளகாய் இலை சுருளும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பும். தக்காளி ஒன்றே ஒன்று சிவக்கும், சிவந்த அன்றைக்கே அணில் வந்து ஒரு பக்கத்தைக் கடித்துவிட்டு மறுபக்கத்தை அவளுக்கு விட்டுவைக்கும். இதற்கெல்லாம் மேலே ரேமண்ட் அண்ணன் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கப்பலின் வயிற்றைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் அவர். மூடி வைத்த எதையும் அவரால் சும்மா விட முடியாது. விதை போட்ட மறுநாளே ஒரு குச்சியோடு போய் முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பார். கேக்கை ஓவனில் வைத்தால் பாதி வேகும்போதே கதவைத் திறந்து பார்ப்பார். பொங்கி வந்த கேக் குளிர்ந்த காற்றுப் பட்டு நடுவில் குழி விழும். மைனி கத்த மாட்டாள். கத்துவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா. குழி விழுந்த இடத்தில் சீனிப்பாகை ஊற்றி மறைத்துவிட்டு அடுத்த மாவை அடிக்கத் தொடங்குவாள்.

ஏனென்றால் அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் கசில்டா. முட்டை கொண்டு வருகிறவர்கள் கொண்டு வருவார்கள், சீனி கொண்டு வருகிறவர்கள் கொண்டு வருவார்கள், சிலர் பசிக்கிற வயிற்றை மட்டும் கொண்டு வருவார்கள், எல்லாவற்றையும் வாங்கி அவள் அடித்து, வேகவைத்து, வெட்டி, தட்டுகளில் வைத்துத் துணி மூடி வீடு வீடாக அனுப்புவாள். பண்டிகை அன்று மத்தியானம் பார்த்தால் அவள் வீட்டில் ஓரத்துத் துண்டும் கருகின அடியும் மிஞ்சியிருக்கும். அவள் அதையும் நின்றுகொண்டேதான் தின்பாள்.

அந்த வருஷம் ஆடியிலேயே அவள் சொல்லிவிட்டாள். மணப்பாட்டிலிருக்கும் தங்கை கொடுத்துவிட்ட பூசணி விதைகளைக் குழிகளில் ஊன்றிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து, வேலி ஓட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"கொழுந்தனாரே, இந்த வருஷம் நான் கேக் போடலை. வேற யாராச்சும் அடிச்ச கேக்கை, நாற்காலி போட்டு உக்காந்து, ஒரு துண்டாச்சும் திங்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

ரேமண்ட் அண்ணன் பேப்பரை இறக்காமல் "ம்" என்றார். பிறகு அவள் தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் அப்படியா மைனி, செய்ங்க மைனி, உங்களுக்கும் வயசாகுதுல்லா என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு வழக்கம்போல முட்டை சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள்.

மைனி சொன்ன சொல்லில் நிற்கத்தான் பார்த்தாள். அவரவர் வீட்டில் மாவு அடித்து, சவரியான் பேக்கரியின் விறகடுப்பில் கொண்டுபோய் வேகவைத்துக்கொள்ளலாம் என்று வழியும் காட்டினாள். அந்த ஊரில் அது புதிதில்லை; தட்டின் விளிம்பில் பேர் எழுதின சீட்டைப் பசைமாவால் ஒட்டிக் கொடுத்தால் சவரியான் வேகவைத்துத் தருவான். ஆனால் கார்த்திகை மழை அந்த வருஷம் பெய்த வேகத்தில் சவரியானின் அடுப்பு, வயதான மாடு மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டு உள்ளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. தெரு முழுக்க மாவு, தெருவில் ஒரே ஓவன். ஊறவைத்த பழங்கள் ஜாடியில் புளிக்கத் தொடங்கியிருந்தன. எதிர்வீட்டு நத்தாலியா முதல் தட்டோடு வந்து நின்றாள். வாசலில் நிற்கிறவளைத் திருப்பி அனுப்பும் வார்த்தை மைனிக்குத் தெரியாது.

தட்டை உள்ளே வைத்துத் திருகைத் திருப்பினாள். பாதியில் ரேமண்ட் அண்ணன் வழக்கம்போலக் கதவைத் திறந்தார். கேக்கில் குழி விழவில்லை. கேக்கே இல்லை. தட்டு நிறைய ஈர மண் மாதிரி ஒன்று இருந்தது, அதில் கிஸ்மிஸ் பழமெல்லாம் முளை விட்டுக் கொடி வீசிக்கொண்டிருந்தது. விதையில்லாத கிஸ்மிஸ் முளைக்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொடிக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அது கதவு இடுக்கு வழியாக வெளியே வந்து அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

நத்தாலியா கொடியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு, இதுல நான் போட்ட முட்டையெல்லாம் எங்க போச்சு என்று கேட்டாள். மைனி மிச்சமிருந்த மாவை எடுத்துக்கொண்டு போய், காய்க்காத கத்தரிச் செடியின் குழியில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வந்து படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் தெரு நாய்கள் எல்லாம் வேலிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. ரேமண்ட் அண்ணன் குச்சியால் தோண்டினார். குழியில் பழுப்பாக, நடுவில் குழி விழாமல், ஊசி குத்தினால் ஒட்டாமல் ஒரு கேக் இருந்தது. அப்போதுதான் மைனிக்குப் போன வாரம் போட்ட கொத்தமல்லி விதை முளைக்காமல் ரசப்பொடி மாதிரி மணத்தது ஞாபகம் வந்தது.

காரணம் வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது: அந்த இடத்தில் பழைய காலத்தில் சுண்ணாம்புச் சூளை இருந்தது, அது இன்னும் அணையவில்லை என்று சிலர் சொன்னார்கள். அப்படியென்றால் ஓவனில் ஏன் முளைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தெருவுக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. ஒரு குழியில் எத்தனை தட்டு வைக்கலாம், மழை வந்தால் மேலே என்ன மூடுவது, முட்டை போடாத கேக்குக்குத் தனிக் குழி உண்டா. சவரியான் வந்து, அடுப்பைச் சோதிக்கிற மாதிரி ஒரு சிட்டிகை மாவை மண்ணில் தூவி, அது எவ்வளவு வேகமாகச் சிவக்கிறது என்று பார்த்துவிட்டு, துவைக்கிற கல் பக்கம் சூடு கொஞ்சம் மந்தம், அங்கே வைக்காதீங்க என்று சொன்னான். வேலை போனவன் என்ற வருத்தம் இருந்தாலும் தன் கடைத் தட்டுகளை எல்லாம் அவனே கொண்டுவந்து கொடுத்தான். பங்குச்சாமியார் வந்து, புதைத்த கேக்கை மந்திரிக்கலாமா என்று தெருக்காரர்கள் கேட்டதற்கு வெகுநேரம் யோசித்து, புதைத்தது திரும்ப எழுந்து வருவதில் நமக்கு ஆட்சேபம் இருக்க முடியாது என்று சொல்லி, தன் பங்குக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஓவன் பக்கம் வேறு கூட்டம். எத்தனை மோர் ஊற்றினாலும் ஒரு சாணுக்கு மேல் வளராத கறிவேப்பிலைக் கன்றை, ஆடு வளர்க்கிற பேச்சித்தாய் இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். ரோஜாக் குச்சி, மல்லிகைப் பதியம், வாடின துளசி என்று வந்துகொண்டே இருந்தன. பூச்செடிக்கு மேல் கம்பி, கீரைக்குக் கீழ்க் கம்பி, கறிவேப்பிலைக்கு இரண்டு பக்கமும் சூடு என்று தெருவே ஒரு வழிமுறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. கரண்டு போனால் உள்ளே இருப்பதெல்லாம் தலை தொங்கும். உடனே நாலு வீட்டு ஆட்கள் விசிறியோடு ஓடி வருவார்கள். துளிர்த்ததை வாங்கிக்கொண்டு போகும்போது, போன தடவை இன்னும் பசுமையா வந்துச்சே மைனி என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதிசயம் நடந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அதைப் பார்க்க நேரம் கிடைக்காது என்பதை நான் அந்த வேலி ஓட்டையில்தான் பார்த்தேன். முன்னால் மூன்று தடவை குனிந்தவள் இப்போது குனிந்தபடியே இருந்தாள். குழி வெட்டினாள், தட்டை இறக்கினாள், வாழையிலை போட்டு மூடினாள், மண் தள்ளினாள், ஆட்டை விரட்டினாள், எறும்புக்கு மஞ்சள் தூவினாள், ஓவனுக்குள் தலையை விட்டுத் தண்ணீர் தெளித்தாள், மாவுப்பூச்சி அங்கேயும் வந்திருந்தது, வேப்பெண்ணெய் கரைத்து அதையும் துடைத்தாள். ஒருநாள் வேலியோரம் வந்து மண்வெட்டியின் மேல் தாடையை வைத்து நின்றாள். வாய்விட்டுக் கேட்பதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நாக்கு சும்மா இருக்காதே.

"என்ன மைனி, இந்த வருஷம் கேக் போடலைன்னீங்களே?"

"நான் எங்க போடுதேன்," என்றாள். "மண்ணுல்லா போடுது. நான் சும்மாதான நிக்கேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தட்டுகள் கூடக் கூட எது யாருடையது என்று தெரியாமல் போனது. எல்லாம் சவரியானின் தட்டுகள், ஒரே அச்சு. சீட்டு ஒட்டினால் மண்ணுக்குள் கருகிவிடுகிறது. ரேமண்ட் அண்ணனுக்குத் தன் துறைமுகப் புத்தி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு குழி மேலும் ஒரு முருங்கைக் குச்சியை நட்டு, அதில் வீட்டுக்கு ஒரு விதமாகக் கத்தியால் அடையாளம் வெட்டினார். நத்தாலியாவுக்கு ஒற்றை வளையம், பேச்சித்தாய்க்குக் குறுக்குக் கோடு, பங்குச்சாமியாருக்குச் சிலுவை. சரக்கு இறக்குமிடம் மாதிரி தோட்டம் ஒழுங்காகிவிட்டது என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். தெருவும் பாராட்டியது. மண்ணில் நட்டது வேகும் என்பது அந்தப் பாராட்டில் ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை, ஒரு வயதானவனுக்கு வருஷத்தில் இப்படி ஒன்றிரண்டு சந்தோஷங்கள்தானே கிடைக்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் தட்டுகளை எடுக்கத் தெரு முழுக்கத் துணியும் கூடையுமாக வந்தபோது, குச்சிகள் எல்லாம் மொறுமொறுவென்று ரஸ்க்காகி இருந்தன. அந்த ரஸ்க்கையும் பேச்சித்தாயின் ஆடு அடி வரைக்கும் தின்றுவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இருந்த திருப்தியை நான் அந்தத் தெருவில் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை.

பிறகு நடந்ததை விவரமாகச் சொன்னால் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தோண்டி எடுத்த முதல் கேக்கை நாலு பேர் தங்களுடையது என்றார்கள். கருகியிருந்த இரண்டாவதை ஒருத்தரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஒருத்தர் கேக்கை ஒருத்தர் கிள்ளித் தின்று பார்த்தார்கள், பார்த்ததால் சண்டை பெரிதானது, யார் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டார்கள், யார் வெண்ணெய் என்று சொல்லி வனஸ்பதி போட்டார்கள் என்பதெல்லாம் வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி வெளியே தொங்கியது. கடைசியில் எல்லாரும் மைனியைப் பார்த்துத் திரும்பினார்கள். அத்தனை வருஷம் அத்தனை பேர் மாவிலும் கை வைத்தவள் அவள்தான்.

மைனி மண்வெட்டியைக் கீழே போட்டாள். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நின்றாள், ஒரு விள்ளல் கிள்ளினாள், கண்ணை மூடினாள். இது சவரியான், சோடா உப்பு கூட. இது பேச்சித்தாய், சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டிருக்கு, அதிரசக் கை. இது நத்தாலியா என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்கு வனஸ்பதி என்று நேராகவே சொல்லியிருக்கலாம். ஊரிலுள்ள கேக்கெல்லாம் அன்று அவள் வாய்க்குள் போனது. ஆனால் வாய்க்குள் போவதெல்லாம் தின்றது ஆகாது. 

தட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. துணி மூடின கூடைகள் வாசலுக்கு நகர ஆரம்பித்தன. அப்போது ஆட்டை விரட்டப் போன ரேமண்ட் அண்ணன், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் வெடித்திருப்பதைப் பார்த்தார். அழுக்குத்துணி வாளி எப்போதும் இருக்கிற இடம் அது. வாளிக்கு அடியில் எதையும் தோண்டிப் பார்க்க அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. வாளியை நகர்த்தினால் துணியையும் துவைக்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயம். இப்போது குச்சியை உள்ளே விட்டுக் கிளறினார். வாசம் வந்தது. கூடைகள் நின்றன. வாசலைத் தாண்டினவர்கள் திரும்பி வந்தார்கள்.

தட்டு இல்லை, தாள் இல்லை, வெறும் மண்ணில் உருண்டையாக, ஒரு பக்கம் சரிந்து, மேலே பட்டை பட்டையாக வரி விழுந்து, பொன்னிறத்தில் ஒரு கேக். அதன் மேல் ஒரு மண்புழு ஊர்ந்துபோன தடம்கூட இருந்தது. அந்த வாசத்தை நான் சொல்ல முயற்சி செய்ய மாட்டேன். பொய் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் எங்கே பொய் பற்றாது என்பதும் தெரியும். நத்தாலியா, அது தன் தட்டிலிருந்து நழுவிப்போன இன்னொரு பாதி என்றாள். சவரியான், எதற்கு வம்பு, நானே வெட்டி ஆளுக்கொரு துண்டு தருகிறேன் என்று கத்தியை எடுத்தான். பங்குச்சாமியாரின் ஆள், உரிமை கோராத பொருள் கோயிலுக்குத்தான் என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மைனி அதன் ஒரு ஓரத்தைப் பிட்டாள். உள்ளே செம்மஞ்சள். நடுவில் பூசணி விதைகள், தோலோடு, வறுபட்டு, முழுசு முழுசாக. ஆடியில், கடைசிக் குழிக்கு இடமில்லாமல் வாளியை நகர்த்தி ஊன்றின விதை. மற்ற குழிகளையெல்லாம் ரேமண்ட் அண்ணன் தோண்டித் தோண்டிப் பார்த்தே சாகடித்திருந்தார். வாளிக்கு அடியில் இருந்தது மட்டும் யார் கண்ணிலும் படாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், துணி பிழிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மந்தமான சூட்டில், ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் தன்பாட்டில் வெந்துகொண்டு இருந்திருக்கிறது.

அவள் ஒரு விதையை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"இது யாரும் அடிச்ச மாவு இல்ல," என்றாள். "நானும் அடிக்கலை." பிறகு வேலிப் பக்கம் திரும்பாமலே, "கொழுந்தனாரே, அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படிப் போடுங்க," என்றாள்.

வேலி ஓட்டையை நான் அதுவரை கண்ணுக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தேன். அன்றைக்கு வேலியையே தாண்டிப் போய் நாற்காலியைப் போட்டேன், வேட்டி கிழிந்தது. அவள் உட்கார்ந்தாள். கேக்கை ஒரு தட்டில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சவரியான் நீட்டிய கத்தியை வாங்கி ஒரு துண்டு வெட்டினாள். தெரு முழுக்கக் கையில் தட்டோடு நின்றது. அவள் வெட்டின எந்தத் துண்டும் இதுவரை தங்கள் தட்டில் விழாமல் இருந்ததில்லை என்பதால், யாருக்கு முதலில் என்று மட்டும்தான் அவர்கள் யோசித்தார்கள். அவள் அந்தத் துண்டைத் தன் வாயில் வைத்தாள். மென்றாள். இரண்டாவது துண்டு வெட்டினாள். அதையும் தின்றாள். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் வேணுமா என்று கேட்கவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. வெயில் துவைக்கிற கல்லைத் தாண்டி, கத்தரிச் செடியைத் தாண்டி, வேலிமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நீட்டியிருந்த தட்டுகளில் முதலில் நத்தாலியாவின் தட்டு இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கின. பேச்சித்தாய் மட்டும் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிப் பக்கம் வைத்துவிட்டு, ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் சத்தம் போடாமல் போனார்கள், தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டிலிருந்து போகிற மாதிரி.

நான் போகவில்லை.

"ருசி எப்படி மைனி?"

அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"சீனி கொஞ்சம் கம்மி," என்றாள். "இருந்தா என்ன. நான் உக்காந்திருக்கேன்."

விதையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். கடைசி விதை விரலில் இருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். எறும்பு வந்தது, யாரும் மஞ்சள் தூவவில்லை, அதுவும் மடியில் கிடந்த துகளை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டது.

மறுநாள் மண் குளிர்ந்திருந்தது. ஓவன் பழையபடி சூடாகி, உள்ளே இருந்த ஒரு மல்லிகைப் பதியத்தைக் கருக்கிவிட்டது, அதற்குச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். பொங்கலுக்குள் சவரியான் அடுப்பைக் கட்டிவிட்டான். கத்தரி காய்த்தது, காய்க்குள் புழு இருந்தது. தெருவில் இதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஓவனில் கொடி முளைத்ததா, ஆமாம். முருங்கைக் குச்சி ரஸ்க்கானதா, ஆமாம், அந்த ஆடு அதற்கப்புறம் புல்லே தின்னவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், அவள் தூங்கின பிறகு, ரேமண்ட் அண்ணன் பூனை மாதிரி நடந்து வந்து, அவள் மடியிலிருந்த தட்டை, அவளை எழுப்பாமல் எடுத்து, துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்துக் கழுவி, வாளியில் இருந்த துணியையும் ஒன்றிரண்டு அலசிக் கொடியில் போட்டதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் மட்டும் ஒருத்தரும் நம்புவதில்லை. போதும் தாத்தா, பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எழுந்து போய்விடுகிறார்கள்.